ஜெட் போட் உங்களுக்குச் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு

நான் இருக்கும் ஊரிலிருந்து கடலுக்குப் போக இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆனாலும் எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் படகு நிற்கிறது. டிரெய்லரில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, காருக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். நியூசிலாந்தின் தென் தீவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் படகுக்குச் சோப்புப் போடுவதை ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பேன். நாங்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே ஆத்தூர்ப் பக்கத்து வயல்காரர்கள். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதோடு சரி, படகு என்பது கரையோரத்து ஆட்களின் பிழைப்பு. இங்கேயும் நம்மவர்கள் ஆற்றுக்குப் போனால் ஆண்கள் வாடகைப் படகில் ஏறுவார்கள், பெண்கள் புளியோதரை டப்பாவோடு கரையில் உட்காருவோம். பதினான்கு வருஷம் உட்கார்ந்துவிட்டு, போன வருஷம் எழுந்தேன். சொந்தமாக ஒரு படகு வாங்கி நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பேருந்திலேயே குமட்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அண்ணன் போனில் ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, "ஏளா, நாம நெல்லு நடுத குடும்பம். ஒனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல?" என்றான். அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்தது.

இங்கே எங்கள் ஊர் ஆறு பின்னலை அவிழ்த்துவிட்டதுபோல் பத்துக் கிளையாகக் கூழாங்கல் மேல் ஓடுகிறது. சில இடத்தில் கணுக்கால் ஆழம்கூட இல்லை. சாதாரணப் படகின் விசிறி கல்லில் அடித்து உடைந்துவிடும். ஜெட் போட்டில் வெளியே விசிறி கிடையாது. அடிவயிற்றில் ஒரு கம்பி வலை, அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சி அடித்து ஓடுகிறது. படகு விற்கும் ராஸ் என்பவர் இதையெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்தே விளக்கினார். நான் தரையில் மல்லாந்து படுத்து, அந்த வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ராஸ் பதறிப்போய், என் கம்மல் விழுந்துவிட்டதென்று நினைத்துத் தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். பாசி எங்கே அடைக்கும் என்று பார்க்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. இது படகு இல்லை, படகில் ஏற்றிய பம்புசெட்.

பம்புசெட் எனக்குப் பழகிய சாமான். தாமிரபரணிக் கரையில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குச் சின்ன வயதில் நான்தான் காவல். குழாய் வாயில் ஓலைக்கூடை கட்டியிருக்கும், அதையும் மீறி ஆகாயத்தாமரை வேர் போய் அடைத்துக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் பிடுங்குவேன். அப்பா எனக்குச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: "சத்தம் மாறிச்சுன்னா யோசிக்காத, நிறுத்திரு." வெறும் காற்றை இழுத்தால் பம்பு கருகிப்போகும்.

ராஸையும் என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போன சோதனை ஓட்டத்தில் அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆழமில்லாத ஒரு கிளையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது பாசி அடைத்து, இன்ஜின் சத்தம் வீலென்று உயர்ந்தது. என் கை தானாகப் போய்ச் சாவியைத் திருகி அணைத்துவிட்டது. ஜெட் போட்டுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் படகே திரும்பும். இன்ஜின் நின்றதும் நான் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வளைத்தாலும் படகு நேரே போய்க் கல்மேட்டில் ஏறி உட்கார்ந்தது. ராஸ் மிகவும் மரியாதையாக, உங்களுக்குத் துடுப்புப் போடும் கயாக் சரிப்படலாம் என்றார். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை முட்டியது. இன்றைக்கு இறங்கிப் போனால் ஆயுளுக்கும் புளியோதரை டப்பாதான்.

சேலை கட்டியிருந்தால் தார்ப்பாய்ச்சியிருப்பேன், அன்றைக்கு ஜீன்ஸ். அதைச் சுருட்டிவிட்டு, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்கத்து மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டேன். பாசியும் இரண்டு கல்லும் வந்தன. ராஸ் வாய் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேருமாகப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினோம். அவர் ஓட்ட வந்தார், நான் இடம் கொடுக்கவில்லை. திரும்பவும் அதே கிளை. மெதுவாகப் போனால் படகு தாழ்ந்து தரை தட்டும், வேகத்தில்தான் மிதந்து எழும்பும். சத்தம் மாறியது. கை சாவிக்குப் போகத் துடித்தது. அப்பா சொன்னதை என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மீறி, ஆக்ஸிலேட்டரைக் காலால் அழுத்தினேன். படகு கல்மேட்டைச் சுற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதே வாரம் வாங்கினேன்.

ஆகவே, கேட்டு எழுதும் நண்பர்களே, உங்கள் ஆறு ஆழமானதென்றால் இது வேண்டாம், பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும். அழுக்கில் கைவிடக் கூச்சப்படுகிறவர்களுக்கும் வேண்டாம். பயம் வந்தால் நிறுத்துகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். பொம்பளைக்கு எதற்கு, வயல்காரிக்கு எதற்கு என்று யாராவது சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குப் போனபோது, சிரித்த அதே அண்ணன், புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இப்படி ஒன்று விட்டால் வெளியூர்க்காரர்கள் ஏறுவார்களே என்று கண் மின்னக் கேட்டான். அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் நானே விசாரித்தேன். அவர் என் போனிலிருந்த படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "யக்கா, இங்கன பூரா மணலு, பாசி, அறுந்த வல. ஒங்க போட்டு இதையெல்லாம் முழுங்கிட்டு ஒரு நாளு தாங்காது" என்றார். முத்துக் குளித்த கடலை அறிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் ஆசைப்பட்டு வாங்கிய படகு நான் பிறந்த தண்ணீரில் ஓடாது. திரும்பும் விமானத்தில் அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, மறைக்கவில்லை.

போன சனிக்கிழமை படகில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, வீடியோ காலில் அண்ணனைக் காட்டினார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான், துறைமுக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தண்ணீரும் மலையும் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "ஏளா, நீ எந்தக் கரையில நிக்கே?" என்று கத்தினான்.

"கரையில நிக்கல அண்ணே. நின்னா திருப்ப முடியாது" என்றேன், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல்.