இரண்டு விரல் வெளியே

காரின் கால்மிதிகளை மதில்சுவரில் அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார் ஷைஜா. ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஆள். "இது ரோட்டத் தோண்டிட்டு மூடாமப் போனவனுக்கு." பட். "இது லைட்டக் கொறைக்காம எதுக்க வந்த டிப்பர்காரனுக்கு." பட். "இது எனக்க தம்பிக்கு." பட், பட். தம்பிக்கு மட்டும் இரண்டு. அடுத்த வீட்டுப் பலாமரத்துக் காக்கைகள் முதல் அடிக்கே இடத்தைக் காலி செய்துவிடும்.

திங்கள்சந்தைப் பக்கத்தில் வாடகைக்கு ஓடும் கார்களில் ஒன்று ஷைஜாவுடையது. ஓட்டுவதும் அவரே. கணவர் கைவிட்டதால் ஸ்டியரிங் பிடித்தவர் என்று நான் எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவார். கணவர் நன்றாகவே இருக்கிறார், ரப்பர் வெட்டப் போகிறார். வண்டி ஓட்டத்தான் அவருக்குப் பயம். ஷைஜாவுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான் கதை.

அவர் வண்டியில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள். பாட்டுப் போட மாட்டார். முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவன், குறுக்கே நடக்கிற ஆடு என எல்லோரையும் திட்டிக்கொண்டே வருவார். ஆனால் கர்ப்பிணி ஒருத்தி பின்சீட்டில் தூங்கிப்போகும் அளவுக்கு மெதுவாக வளைவு எடுப்பார். "எனக்கு வாய்க்குத்தான் பிரேக் இல்ல, வண்டிக்கு உண்டு" என்பார்.

வாரத்துக்கு மூன்று முறை குளச்சலில் இருந்து முகம்மது மீரானை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். கயிறும் வலையும் விற்று ஓய்ந்தவர், ஊருக்கெல்லாம் அண்ணன் என்ற முறையில் மீரான் காக்கா. இடது முன்கையில் ரத்தக்குழாய்களை அறுவை செய்து இணைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல உள்ளே அதிரும். அந்த அதிர்வு இருக்கிறவரைக்கும்தான் ஊசி ஏறும். அதனால் அந்தக் கையைப் பிறந்த பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வருவார். வேறு வண்டியில் ஏற மாட்டார். "இந்தப் புள்ள ஏசுனா எனக்கு பிரஷர் எறங்குது" என்று சிரிப்பார்.

தம்பி ரெனிஷ் தோஹாவில் வேலை பார்க்கிறான். போன முறை விடுப்பில் வந்தபோது அக்காளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஷைஜா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் சாவியை எடுத்துக்கொண்டு தக்கலையில் உள்ள ஒரு கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது வண்டிக்கு நான்கு புதிய அலாய் வீல். கறுப்பும் வெள்ளியும் கலந்த, அகலமான வீல்கள். பழையவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டான். போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்த ஷைஜா, வண்டி காலை விரித்து நிற்பதைப் பார்த்தார்.

"என்னலே இது, தவள மாதிரி நிக்கு?"

"கெத்துக்கா! ஊர்ல ஒருத்தன்கிட்டயும் இல்ல."

தம்பி ஆசைப்பட்டுச் செய்தது. அன்றைக்கு அதற்குமேல் ஷைஜா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் இன்றைக்கும் அவர் பல்லைக் கடிக்கும் முதல் காரணம்.

வண்டி காலியாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் மட்டும் பின்சக்கரங்களிலிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். தேங்காய் துருவுவதுபோல. ரெனிஷிடம் சொன்னார். புது வீல் அப்படித்தான், ஓட ஓட சரியாகிவிடும் என்றான். ஷைஜா கடைக்காரர் அனில்குமாருக்குப் போன் போட்டார். அனில்குமார் அவர் சொன்னதைப் பாதிகூடக் கேட்கவில்லை. "அக்கா, போன தம்பிகிட்ட குடுங்க" என்றார். தம்பியிடம் அவர் என்ன சொன்னாரோ, தம்பி "ஒண்ணுமில்லக்கா" என்றான்.

அந்த வாரமே நடந்தது. டயாலிசிஸ் முடிந்து குளச்சலுக்குத் திரும்பும் வழி. பின்சீட்டில் மீரான் காக்கா, அவர் மனைவி மைமூன் பீவி, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்திருந்த கனத்த உறவுக்காரர் ஒருவர். கால்வாய்ப் பாலத்தின் இறக்கத்தில் ஒரு பள்ளம். வண்டி அமுங்கியது. சத்தம் வந்தது. அதோடு வலது பின்டயர் வெடித்தது.

ஷைஜா வண்டியைக் கால்வாயில் விடவில்லை. எதிரே வந்த பஸ்ஸிலும் விடவில்லை. ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டார். ஆனால் வண்டி உதறிய உதறலில் மீரான் காக்காவின் இடது கை கதவில் போய் மோதியது. அப்போதுதான் ஊசி எடுத்த கை. பஞ்சையும் பிளாஸ்திரியையும் தள்ளிக்கொண்டு ரத்தம் பீறிட்டது.

ஷைஜா பின்சீட்டுக்கு ஓடி, தன் துப்பட்டாவை மடித்து அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பின்னால் வந்த ஆட்டோவை மறித்து ஏற்றி, நெய்யூர் வரைக்கும் விரலை எடுக்கவில்லை. மைமூன் பீவி துஆ ஓத, ஷைஜா ஆட்டோக்காரரைத் திட்ட, நடுவில் மீரான் காக்கா, "நீ என்ன செய்வ மக்களே, நீ என்ன செய்வ" என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு ஷைஜா பாலத்துக்குத் திரும்பினார். ஜாக்கி வைத்து வெடித்த சக்கரத்தைக் கழற்றினார். டயரின் தோள் கத்தியால் கீறியதுபோல வட்டமாக அறுபட்டிருந்தது. மேலே சக்கரத்தை மூடும் தகட்டின் விளிம்பு தேய்ந்து மின்னியது. டிக்கியில் இருந்த ஸ்டெப்னி மட்டும் வண்டியோடு வந்த பழைய வீல். இரண்டையும் வெளிப்பக்கம் தரையில் படக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தார். பழைய வீலில், வண்டியோடு பொருந்திப் போல்ட் முறுக்கும் முகம் கிணற்றின் அடிபோல ஆழத்தில் கிடந்தது. புதியதில் அது பாதிக் கிணற்றுக்கு எழும்பி நின்றது.

விஷயம் இவ்வளவுதான். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் முறுக்கும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். முகம் வெளிப்பக்கமாகத் தள்ளி இருந்தால் வீல் வண்டிக்குள் அடங்கும். அந்தத் தூரம் குறையக் குறைய வீல் வெளியே வரும். வீலின் உள்பக்கத்தில் மில்லிமீட்டரில் அச்சடித்தும் இருக்கும். ஷைஜாவின் வண்டிக்கு வேண்டியது நாற்பத்தைந்து. மாட்டியிருந்தது இருபத்தைந்து. போதாக்குறைக்கு வீலின் அகலமும் அதிகம். எல்லாம் சேர்ந்து டயர் இரண்டு விரல் அளவுக்கு வெளியே வந்துவிட்டது. காலி வண்டியில் அது அழகு. பின்னால் ஆள் ஏறி வண்டி அமுங்கினால் தகடு டயரை அறுக்கும்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஷைஜா நேராகத் தக்கலைக்கு வந்தார். பஞ்சர் ஒட்டுவதற்காக அப்போது நானும் அந்தக் கடையில் நின்றேன். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். சுடிதாரின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இரண்டு கையாலும் வெடித்த சக்கரத்தைத் தூக்கிவந்து கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மேசை உடையவில்லை. உடைந்திருந்தாலும் அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

"அக்கா, ஸ்பீடு கூடிப் போயிருக்கும்" என்றார் அனில்குமார். "இந்த மாடலு எத்தன பேருக்கு மாட்டியிருக்கேன், ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல. தம்பி வந்தா பேசிக்கிடலாம்."

"தம்பி எதுக்கு? வண்டி எனக்குள்ளது. ஓட்டுறது நான். எங்கிட்டப் பேசு."

"இல்லக்கா, இது டெக்னிக்கல்..."

"கேறு."

"எங்க?"

"எனக்க வண்டிக்க பின்சீட்டுல. கேறுலே!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அனில்குமார் ஏறினார். ஷைஜாவின் கண் கடையைச் சுற்றியது. கடை வேலையாள் ஒருவரைப் பிடித்து ஏற்றினார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "சாரும் கேறுங்க." நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஸ்டெப்னி இருந்தது வலது பக்கம். இடது பக்கத்தில் புதிய வீல் அப்படியே இருந்தது. கடைக்காரரை அந்தப் பக்கம் உட்கார வைத்தார். ஏசியை அணைத்தார், கண்ணாடியை இறக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே வேகத்தில், ஒரு கர்ப்பிணி தூங்கக்கூடிய வேகத்தில், பக்கத்துச் சாலையின் வேகத்தடைமேல் ஏறி இறங்கினார்.

கர்ர்ர்.

"கேட்டியா?"

வண்டி திரும்பியது. மறுபடியும் அதே வேகத்தடை. மறுபடியும் கர்ர்ர். எனக்கு இருக்கைக்கு அடியில் யாரோ ரம்பம் போடுவதுபோல இருந்தது.

"ஸ்பீடு கூடிச்சா? சொல்லு, ஸ்பீடு கூடிச்சா?"

"அக்கா, தகட்டுக்க விளிம்ப உருட்டி உள்ள மடக்கித் தாறேன். சத்தம் நிக்கும்" என்றார் அனில்குமார், சன்னமான குரலில்.

ஷைஜா வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டார். பின்னால் ஹாரன்கள் அலறின. "நீ போட்ட வீலு தப்பு. அதுக்கு எனக்க வண்டிய வெட்டுவியா? அவன் வந்தப்ப என்ன கலர்னு கேட்ட. என்ன டிசைன்னு கேட்ட. வெளிய எவ்வளவு தள்ளணும்னு கேட்ட. பின்னால யாரு இருப்பான்னு கேட்டியா? ஒரு வார்த்த கேட்டியா லேய்?"

கடைக்குப் பின்புறம் கிடந்த பழைய வீல்கள் வந்தன. மாட்டி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஒவ்வொரு போல்டாக முறுக்குவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். இதற்குப் பிறகு அனில்குமார் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். காலை விரித்த நான்கு கார்கள் கடை வாசலில் நின்றன.

ரெனிஷ் அன்று மாலை அழுதிருக்கிறான். "ஒனக்கு நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்" என்றானாம். "நல்லது செய்யணும்னா வாயத் தொறந்து கேக்கணும்" என்று மட்டும் சொல்லி, ஷைஜா அவனுக்குச் சோறு போட்டார். விடுப்பு முடிந்து அவன் புறப்பட்டபோது விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டியதும் அவர்தான். வழியெல்லாம் டிப்பர்களைத் திட்டிக்கொண்டு போனாராம். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மீரான் காக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் கையில் இருந்த அந்த அதிர்வு நின்றுவிட்டது. குழாய் அடைத்துவிட்டது, இனி அதில் ஊசி ஏற்ற முடியாது என்றார்கள். கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாயைச் செருகினார்கள். வலது கையில் புதிதாக அறுவை செய்து, அது தேறும்வரை கழுத்தில்தான். கதவில் மோதியதால் அடைத்ததா, அல்லது ரத்தத்தை நிறுத்த அழுத்திய அழுத்தத்தில் அடைத்ததா? ஷைஜா டாக்டரிடமே கேட்டிருக்கிறார். இரண்டும் இருக்கலாம் என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் ஷைஜா யாரையும் திட்டுவதில்லை. வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொள்கிறார்.

மீரான் காக்காவின் மகள் இர்ஷாதா ஷார்ஜாவில் இருந்து பேசினாள். கத்தவில்லை. "இனி எங்க வாப்பா ஒங்க வண்டியில கேற வேண்டாம்க்கா. வேற ஆளு சொல்லியாச்சு." ஷைஜாவுக்கு அப்படியொரு கோபம் வந்தது. இர்ஷாதாமேல் இல்லை. "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். அதாக்கும் எனக்கு ஆத்திரம்" என்றார் என்னிடம். வாயடைக்க வைக்கும் நியாயத்தை அவரால் தாங்க முடிவதில்லை.

இப்போது நானும் அவருடைய வாடிக்கையாளன். கண் பரிசோதனைக்காக ஒரு நாள் காலை அவர் வண்டியில் ஏறினேன். நெய்யூரில் இறங்க வேண்டியவன் நான். வண்டி நெய்யூரில் நிற்காமல் குளச்சலுக்குப் போனது. கேட்டேன். "சார் சும்மா இரும்" என்று பதில் வந்தது.

மீரான் காக்காவின் வீட்டு வாசலில் வேறொரு கார் நின்றது. ஓட்டுநர் சத்தியநேசன், ஷைஜா நிறுத்தும் அதே ஸ்டாண்டில் நிறுத்துகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். ஷைஜாவைப் பார்த்ததும் முகம் வெளிறியது. "நானா கேக்கல ஷைஜா. அவங்களா கூப்பிட்டாங்க" என்றார்.

கழுத்தில் வெள்ளைக் கட்டோடு மீரான் காக்கா மனைவியின் தோளைப் பிடித்து வெளியே வந்தார். இரண்டு கார்களையும் பார்த்தார். ஷைஜாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், கட்டு இழுத்தது.

ஷைஜா சத்தியநேசனின் வண்டியருகே போய்ப் பின்சக்கரத்தின் முன்னால் முழங்காலிட்டார். டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் கையை மணிக்கட்டு வரை நுழைத்து, விளிம்பு நெடுகத் தடவிப் பார்த்தார். எழுந்து மறுபக்கம் போனார். அங்கேயும் முழங்காலிட்டார். பிறகு முன்சக்கரங்கள் இரண்டும். கடைசியில் எழுந்து, கரி படிந்த கையைச் சுடிதாரில் துடைத்துவிட்டு, அந்த வண்டியின் பின்கதவைத் திறந்து மீரான் காக்காவுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.