டிவிக்காரர் திருத்திய பிழை

அப்போது சண்டைக் காலம், கடலுக்குப் போகத் தடை. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. நிவாரண அரிசியில்தான் வீடு ஓடியது.

ஒருநாள் பின்னேரச் செய்தியில் என்னைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம். திருகோணமலை மீனவர்கள் வழமைபோல் தொழில் செய்கிறார்களாம். முன்னால் நான் வலை இழுக்கிறேன். பின்னால் மாமா, மனைவியின் தகப்பன், இழுக்கிறார். மாமா செத்து வருசம் ஒன்று. பழைய படம்.

"அப்பா நல்லா இழுக்கிறார். நீங்கள்தான் சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்," என்றாள் மனைவி.

சிரித்தோம். அடுத்த கிழமை ஊர் அலுவலரான விதானையார் எங்கள் நிவாரண அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். தொழில் செய்கிறவனுக்கு நிவாரணம் இல்லையாம்.

"ஐயா, தடை இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம். ஆனால் மேலிடம் செய்தியைத்தானே பாத்தது. டிவிக்காரர் திருத்தினால் நானும் திருத்துவன்."

கொமினிகேசன் கடைக்குப் போய் டிவிக்காரருக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை மரியாதையாகக் கதைத்தா. நேயர்களின் முறைப்பாடுகளை உடனே கவனிப்பார்களாம்.

"என்ன பிழை ஐயா?"

"அது பழைய படம் பிள்ளை. அதில வலை இழுக்கிற மனிசன் செத்துப்போனார். இப்ப தொழிலே இல்லை."

"அடடா. எங்கட அனுதாபங்கள்."

சொன்னபடி உடனே கவனித்தார்கள். அடுத்தநாள் அதே படம். முன்னால் நின்ற என்னைச் சுற்றி ஒரு வட்டம். இந்த மீனவர் காலமாகிவிட்டதாக நேயர் ஒருவர் அறியத் தந்துள்ளார், தவறுக்கு வருந்துகிறோம் என்று வாசித்தார்கள். மற்ற மீனவர்கள் வழமைபோல் தொழில் செய்கிறார்களாம்.

எங்கள் பக்கம் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரர்தான் சமைத்துக்கொண்டு வருவார்கள். விடிய, கப்பல்துறை ஊரிலிருந்து தங்கச்சி சோற்றுப் பானையோடு வந்தாள். வாசல் படலையிலேயே ஒப்பாரி. நான் கிணற்றடியில் பல்லு விளக்கிக்கொண்டு நின்றேன். ஒப்பாரி பாதியில் நின்றது.

"அண்ணை! உயிரோடயே நிக்கிறியள்? நான் அழுத அழுகையில வழியில ஆமிக்காரனே பானையைச் சோதிக்காமல் விட்டவன்."

"சரி. பானையை வைச்சிட்டு முகத்தைக் கழுவு."

மத்தியானம் விதானையார் வந்தார். வெள்ளைச் சேட்டு, கையில் எங்கள் அட்டை. குடும்பத் தலைவன் செத்தால் பெண்சாதிக்கு உடனே கொடுக்கலாமாம். வாசலில் நின்ற மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். பிறகுதான் உள்ளே கதிரையில் இருந்து சோறு தின்கிற என்னைக் கண்டார்.

"இவர்..."

"செய்தியில சொன்னவைதானே ஐயா. மேலிடமும் பாத்திருக்கும்," என்றாள் மனைவி.

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இரண்டொரு நாளில் கொமினிகேசன்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனில் அதே பெண்பிள்ளை.

"உங்கட முறைப்பாட்டின்படி திருத்தினது திருப்திதானே ஐயா? இன்னும் ஏதும் பிழை இருக்கோ?"

வீட்டில் நிவாரண அரிசி வந்து இறங்கியிருந்தது.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. எல்லாம் சரியாத்தான் சொன்னியள்," என்றேன்.