மச்சான் கை வைத்த மீட்டர்

ரேடியேட்டர் மூடியில் ஒரு பொட்டு, பேட்டரிக்கு அடியில் ஒரு பொட்டு, ஸ்டெப்னி டயரின் உட்புறம் இன்னொன்று. மனைவி சத்தியப்பிரியாவின் சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறார் ஈஸ்வரன். காரைச் சர்வீசுக்கு விடுமுன் பொட்டுகளைப் புதுப்பிப்பது அவர் வழக்கம். விட்ட சாமான்தான் திரும்பி வந்ததா என்று தெரிய வேண்டாமா? "மெக்கானிக்கு கையில காரைக் குடுக்கிறது, பூனைகிட்ட கருவாட்டைக் குடுத்த கதைதேன்" என்பார். அந்த மெக்கானிக், சத்தியப்பிரியாவின் சொந்த அண்ணன் பாண்டிமுருகன். அதனாலெல்லாம் பொட்டு குறைந்துவிடாது.

காரைக்குடியில் சொந்த டாக்சி ஓட்டுகிறார். டீசல் போடும்போது இறங்கி நின்று குழாயருகே மோந்து பார்ப்பார். இளநீரைக்கூட எந்த மரத்தில் எப்போது இறக்கியது என்று விசாரித்துத்தான் குடிப்பார். கோவிலூர்க் கோயிலில் ஒரு கண் சாமி மேலும் ஒரு கண் வாசலில் விட்ட செருப்பு மேலும் இருக்கும். தூசி தட்டும் வேலையைக்கூட யாரிடமும் விடுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஏர் ஃபில்டரைத் தானே கழற்றித் தட்டுவார். தட்டிய கையோடு எஞ்சினை ஓடவிட்டு, ஃபில்டர் இல்லாத அந்தத் திறந்த வாயில் சாம்பிராணித் தூபம் காட்டுவார். புகை சுருண்டு உள்ளே போகும். "பாத்தியா, தாயி ஏத்துக்கிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத காரியம் அது ஒன்றுதான்.

போன சர்வீசுக்குப் பிறகு வண்டி இழுவை விட்டுப்போனது. ஆள் ஏற்றிக்கொண்டு கல்லல் பக்கம் போனபோது ஒரு சின்ன மேட்டில் கரும்புகை கக்கித் திணறியது. டவுன் பஸ் ஹார்ன் அடித்து முந்திப் போயிற்று. டீக்கடையில் இன்னொரு டிரைவர் சொன்னார்: "ஏர் ஃப்ளோ மீட்டராத்தான் இருக்கும். ஒரிஜினலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டியிருப்பாய்ங்க." எஞ்சினுக்குள் போகிற காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கையளவு சாமான் அது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"உங்கண்ணந்தேன் மாத்திப்பிட்டாரு" என்றார், சோற்றில் கை வைத்தபடி.

சத்தியப்பிரியா தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் அண்ணனுக்குப் போன் போட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் அபிக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். பாண்டிமுருகன் சொன்னது ஸ்பீக்கரில் ஈஸ்வரனுக்கும் கேட்டது: "காரைக் கொண்டாரச் சொல்லு தாயி. அவுக கண்ணு முன்னாலயே டெஸ்ட் பண்றேன். திருட்டுப் பட்டத்தோட நான் பிள்ளையை மடியில வச்சுக்கிற மாட்டேன்."

தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்து நடக்காது என்று ஈஸ்வரனுக்கும் தெரியும். ஆனாலும் சந்தேகம் பிடித்த பிடியை விடவில்லை.

அபியை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தியப்பிரியாவும் கூடவே கிளம்பினாள். பாண்டிமுருகனின் கோட்டையூர் ஷெட்டில் பானெட்டைத் திறந்ததும் ஈஸ்வரன் தலைதான் முதலில் உள்ளே போனது.

"தள்ளி நில்லுங்க மாப்ளே."

"நான் இங்குட்டே நிக்கிறேன் மச்சான். நீங்க பாருங்க."

பாண்டிமுருகன் மீட்டரின் ஒயர்ப் பின்னைப் பிடுங்கிவிட்டு, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஈஸ்வரன் ஒரு சுற்றுப் போய்வந்தார். மீட்டர் வாய் மூடியதும் வண்டி பழையபடி பாய்ந்தது.

"பாத்தீகளா! மீட்டர்தேன் பொய்க் கணக்குச் சொல்லுது. ஒரிஜினலா இருந்தாச் சொல்லுமா?"

பாண்டிமுருகன் வாதாடவில்லை. மல்டிமீட்டரைப் பின்னில் வைத்து, "ஒயர்ல கரண்டு சரியா வருது" என்றார். பிறகு திருகைக் கழற்றி மீட்டரை உருவி, அவர் கையிலேயே கொடுத்தார். ஈஸ்வரன் திருப்பினார். அடியில் சிவப்புப் பொட்டு, வண்டி வாங்கிய புதிதில் அவரே வைத்தது. நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"இதை நீங்களும் வச்சிருக்கலாம்ல?"

"நகப்பூச்சுக்கு நான் எங்க போவேன் மாப்ளே?"

உள்ளே, காற்றை அளக்கிற மெல்லிய கம்பியில் பழுப்பாய்ப் பிசின் ஏறியிருந்தது. பாண்டிமுருகன் மோந்து பார்த்தார். அப்படியே தங்கையிடம் நீட்டினார்.

"சாம்பிராணி!" என்றாள் சத்தியப்பிரியா. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஊட்டி விட்டீகள்ல, அதேன்!"

ஈஸ்வரன் அதை வாங்கித் தானும் மோந்து பார்த்தார். பாண்டிமுருகன் அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயை அடித்துக் கம்பியைக் கழுவினார். நன்றாகக் காயவிட்டு மாட்டிப் பின்னைச் சொருகினார். இம்முறை மீட்டரோடு போன வண்டி மேட்டையெல்லாம் மதிக்காமல் ஏறி வந்தது.

வண்டியை விட்டு இறங்கும்போது ஈஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மனைவியோடு கூடப் பிறந்தவனைத் திருடன் என்று சொன்னதாகிவிட்டது. மன்னிப்பாய் ஒரு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"மச்சான், அந்த ஸ்ப்ரே ஒரிஜினலா?"

சத்தியப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். பாண்டிமுருகன் டூல் பெட்டி மேல் உட்கார்ந்து, நிமிராமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தார்.

ஈஸ்வரன் மனைவியின் இடுப்பிலிருந்து அபியை வாங்கினார். நேரே போய் மச்சானின் மடியில் உட்கார வைத்தார்.

"கிரீஸு மாப்ளே, கவுனு கறையாயிரும்."

"ஆகட்டும்" என்றார் ஈஸ்வரன். குனிந்து, பிள்ளையின் காதை மறைத்திருந்த முடியைப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.