குன்வோர் மாற்றிப்போட்ட விகுதிகள்

குன்வோர் மேற்குக் கடற்கரையில் சுவீடிஷ் பேசி வளர்ந்தவள். சைமா ஏரிக்கரைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஃபின்னிஷ் பேசத் தொடங்கினாள். எங்கள் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பதும் அறிவிப்புச் சொல்வதும் அவள் வேலை.

எங்கள் மொழியில் திசை சொல்லின் வாலில் இருக்கிறது. ‘லேஹ்தெவா’ என்றால் கிளம்புவது. ‘லேஹ்தெவாஸ்தா’ என்றால் அதிலிருந்து இறங்கவேண்டும்; ‘லேஹ்தெவான்’ என்றால் அதில் ஏறவேண்டும். படகு என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை.

அன்று துறையில் இரண்டு நீராவிப் படகுகள். ஒன்று அங்கேயே தங்கும். மற்றொன்று அக்கரைக்குப் போகும்.

“கிளம்புறதுலேருந்து நிக்கிறதுக்கு மாறுங்க!” என்று கத்தினாள் குன்வோர். நிற்பதிலிருந்து கிளம்புவதற்கு என்று சொல்லியிருக்கவேண்டும்; வால்கள் இடம் மாறிவிட்டன.

உள்ளூர்க்காரர்கள் சிரித்தபடி அக்கரைப் படகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஏலிஸ் கீஸ்கினென் மட்டும் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு, சொன்னபடியே நிற்கும் படகுக்கு மாறி உட்கார்ந்தார். அக்கரையில் அவர் தம்பிக்கு அன்று அடக்கம். அக்கரைப் படகு கிளம்பிப் போனது.

“ஏம்மா, இது எப்போ நகரும்?” என்று குன்வோரிடம் கேட்டார்.

கயிறு சுருட்டிக்கொண்டிருந்த துறையாள் அர்மாஸ் முந்திக்கொண்டான். “நாளைக்கு, பெரியவரே. எங்க குன்வோர் ஏறச் சொன்னா இறங்கணும். தெரியாதா?”

அவள் முகம் காதுவரை சிவந்தது. கணவனின் துடுப்புப் படகை அவிழ்த்தாள். ஏலிஸை ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் தானே வலித்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. புதுமண்மேல் வளையத்தை வைத்துவிட்டு, ஏலிஸ் தம்பி வீட்டுக்கு நடந்தார். குன்வோர் பின்னாலேயே போய் வாசலோடு நின்றாள்.

“ஏன் மச்சான் இவ்வளவு நேரம்?” என்று கேட்டாள் தம்பி மனைவி ஹில்யா.

“எஞ்சின் மக்கர் பண்ணிருச்சு. பாவம், இந்தப் பொண்ணுதான் துடுப்புப் போட்டுக் கொண்டாந்து விட்டா.”

எல்லாரும் அவளை நன்றியோடு பார்த்தார்கள். அதை அவளால் தாங்கமுடியவில்லை.

“எஞ்சின் கெடலைங்க. நான்தான் தப்பாச் சொன்னேன். இறங்கவேண்டியதுல ஏறுன்னும், ஏறவேண்டியதுலேருந்து இறங்குன்னும்... எனக்கு உங்க பேச்சு இன்னும் சரியா வரலை.”

ஏலிஸ் தரையைப் பார்த்தார். ஹில்யா எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, கோப்பையில் காபி ஊற்றினாள்.

“உக்காரு” என்றாள். குரலில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

குன்வோர் உட்கார்ந்தாள். கொப்புளம் கட்டிய கைகளை மடியில் மறைத்துக்கொண்டாள். காபி ஆறிப்போகும்வரை கோப்பையைத் தொடவில்லை.