அண்ணன் சொல்லச் சொல்ல நட்டது

இனிப்புநீர் வியாதி முதலில் அண்ணனின் வலது கண்ணை எடுத்தது. பிறகு இடது கண்ணும் போனது. லாரி ஓட்டிப் பிழைத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்து காஜா ஊருக்கு அந்தப் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டுவிட்ட எஸ்டேட்டில், நாங்கள் பிறந்த லயத்து வீட்டிலேயே தனியாக இருந்தார். நான் போய் ஜெலாப்பாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கணவர் இறந்தபின் நானும் தனிதான்.

வந்தவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. சோற்றுத் தட்டு கைபட்டுக் கவிழ்ந்தால் என்னைக் கூப்பிடாமல் பட்டினி கிடந்தார்.

என்னுடையது மூலை வீடு. பக்கவாட்டில் லாலாங் புல் மண்டிய ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் செடி வைத்தால் வெளியே வருவார் என்று நினைத்துச் சொன்னேன்.

"குருடனுக்கு எதுக்கு பூ?" என்றார்.

மோந்து பார்க்கலாமே என்றேன். மறுநாள் காப்பி கொண்டுபோனபோது அவராகவே ஆரம்பித்தார். "செராய் புல்ல வாசல்கிட்ட வையி. ஒரசிக்கிட்டு போனாலே எலுமிச்ச வாசன வரும்."

அதன்பின் சாப்பாட்டு மேசைதான் எங்கள் நிலம். கரண்டியைப் பாதையாக வைத்தார். தீப்பெட்டி துளசி. கவிழ்த்த கிண்ணம், தூரத்து மூலையில் எலுமிச்சை ஜாதியான லிமாவ் புருட் மரம். அதன் இலையைக் கசக்கினால் வரும் மணம் அவருக்கு உயிர். அதனடியில் ஒரு பெஞ்சு வேண்டும் என்றார். பாதை ஓராள் அகலம் போதும், கையை விரித்தால் இரண்டு பக்கமும் செடி தட்டுப்பட வேண்டும், அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

ஈயச் சுரங்கம் தோண்டிக் கழித்த மணல் அந்த நிலம். தண்ணீர் நிற்காது. ஆட்டுப் புழுக்கையும் கறுப்பு மண்ணும் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிளறினேன். செராய், துளசி, பாண்டான், மல்லிகை, கறிவேப்பிலை என்று அவர் சொன்ன வரிசையில் நெருக்கமாக நட்டேன். லிமாவ் புருட்டை வளர்ந்த மரமாகவே வாங்கி வைத்தேன். பாதையில் ஆற்று மணல் போட்டேன். மழை சரியாகப் பெய்தது. எல்லாம் பிடித்துக்கொண்டது.

தினமும் மாலையில் தனியாகவே பெஞ்சு வரை போய்வந்தார். வெறுங்காலோடுதான். "சிலிப்பர் போட்டா பாத தெரியலமா" என்றார். பாண்டானுக்குத் தண்ணீர் பத்தவில்லை, துளசியைக் கிள்ளிவிடவில்லை என்று திட்டினார். திட்டுகிற பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று சந்தோஷமாக இருந்தது.

லிமாவ் புருட் கிளை முகத்தில் அடிக்கிறது என்றார். கிளையை வெட்டிவிட்டு, பாதையை நன்றாகத்தான் கூட்டினேன்.

சில நாள் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னமோ நாறுது. செடி எதுவும் அழுகிருச்சா பாரு."

ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்தேன். எதுவும் அழுகவில்லை. நிமிர்ந்தபோது அவருடைய பாதம் கண்ணில் பட்டது. உள்ளங்காலிலிருந்து குதிகாலுக்கு மேல் வரை கறுத்து வீங்கியிருந்தது. அந்த ஒரு காலில் அவருக்கு உணர்ச்சி போய் வெகுகாலம் ஆகியிருக்கிறது; மற்றக் காலால்தான் பாதையைத் தடவி நடந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளிருந்து எடுத்த முள்ளைக் காட்டினார். வெறுங்காலோடு நடப்பாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நினைவு வந்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"என்ன முள்ளு?"

"லிமாவ் புருட்டுண்ணே."

"நாந்தான அத கேட்டேன்" என்றார். அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பாராங் கத்தியால் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தேன். அண்ணன் சக்கர நாற்காலியில் வந்தார். பாதையில் நாற்காலி நுழையவில்லை. இடது பக்கத்துச் செடிகளை எடுத்துவிடச் சொன்னார். வேரோடு பிடுங்கிப் போட்டேன். ஆள் வைத்து சிமெண்டு பூசினேன். பகலெல்லாம் வெயிலை வாங்கி மாலையில் அது அனலாக அடித்தது. இரண்டு தடவை வந்தார். அப்புறம் வேண்டாம் என்றுவிட்டார்.

இப்போது காலையில் அவருடைய மிச்சக் காலை மடியில் வைத்து, டார்ச் அடித்து விரலிடுக்கெல்லாம் பார்க்கிறேன். நேற்று சுண்டு விரலோரம் மிளகளவு கறுப்பாக ஒன்று தெரிந்தது. மறைக்காமல் சொன்னேன்.

"சரி. சட்டைய எடு, ஆஸ்பத்திரிக்கு போலாம்" என்றார்.