கயல்விழியின் புது அட்டை

மூத்த பேரன் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன். சின்னவன் தா.பழூரில் டிராக்டர் வாங்கிவிட்டான். பேத்தி கயல்விழி, சென்னையில் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுகிறவர்களைத் தடுக்கிற ஆபீஸில் இன்று பத்துப் பேருக்குத் தலைவி ஆகிவிட்டாள்.

புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி அவள் அனுப்பிய படத்தை இங்கே ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்புத் தூசி மேகமாய் மிதந்தது. அந்தத் தூசிக்குள் அவள் முன்னே நடக்க, பத்துப் பேரும் பின்னால் வருவதுபோல் எனக்குத் தெரிந்தது.

போன் அடித்தது.

"அப்பத்தா, மொதல்ல அதை எடு! அட்டையில நம்பர் தெரியுது. எவனாவது அதை வச்சு உள்ள பூந்தா, இன்னைக்குக் குடுத்த பதவிய இன்னைக்கே புடுங்கிருவாங்க."

"எனக்கு அனுப்புனது யாருடி?"

சிரித்துவிட்டாள்.

"தப்புதான் அப்பத்தா. ஆபீஸ்ல சொல்லிடாத."

அழித்துவிட்டேன். நீங்கள் போட்ட லைக்கெல்லாம் அதோடு போயிற்று.

கயலு, கழுத்தில் அட்டை இல்லாமல் புதுசாக ஒரு படம் எடுத்து நீயே போடு. இவர்கள் மறுபடியும் லைக் போடுவார்கள். போடுவீர்கள்தானே?