கோட்டை மாடும் மாமாவின் தொப்பியும்

ஒல்லாந்தர் கோட்டைக்குப் பால் ஊற்றும் குடும்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பழவேற்காட்டுக்கு மேற்கே, வயல்காட்டு ஊர். மாடு பார்ப்பது நானும் என் வீட்டுக்காரரும். பாலோடு கோட்டைக்குப் போய்ப் பெருமையோடு திரும்பி வருவது அவருடைய அண்ணன். அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன்.

செத்துப்போன ஒரு சிப்பாயின் சாமான்களைக் கோட்டையில் ஏலம் விட்டபோது மாமா ஒரு கறுப்புத் தொப்பி வாங்கினார். அதற்குப் பிறகு அது அவர் தலையை விட்டு இறங்கவே இல்லை. அது போதாதென்று, ஐப்பசி மழையில், கோட்டையில் ஒரு துரை வேண்டாமென்று கழித்த கிடாரியையும் ஓட்டிவந்தார். அதன் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் மயிர் உதிர்ந்து, சாம்பல் பூத்த மாதிரி வட்ட வட்டமாய்ப் பொருக்கு. படர்தாமரை. குருடனுக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியவில்லை.

அதைத் தனியாகக் கட்டலாம், நம் கயிறும் தேய்க்கிற நாரும் அதன்மேல் படவேண்டாம் என்று சொன்னேன்.

"கோட்டை மாடும்மா இது. இதுக்கு இன்னா வரும்?" என்று சிரித்தார். அண்ணன் சிரித்ததால் என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

மாமா அந்தக் கிடாரியைத் தன் கையாலேயே தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினார். அதே நாரால் எங்கள் கன்றுகளையும் தேய்த்தார். ஈரக் கொட்டகையில் எல்லாம் நெருக்கிக்கொண்டு நின்றன. கார்த்திகை முடிவதற்குள் கன்றுகளின் முகமெல்லாம் வட்டம். திருஷ்டி என்று மாமா எலுமிச்சம்பழம் கட்டினார்.

மழை விட்ட ஒரு நாள் அவரைக் கேட்காமலே கிடாரியைத் தனியாகக் கட்டிவிட்டுக் கன்றுகளை வெயில் விழும் மேட்டுக்கு ஓட்டிப்போனேன். பொருக்கை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டித் தீயில் போட்டேன். வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்து நாள் தவறாமல் பூசினேன். பழைய கயிறுகளை எரித்தேன். பசியாவரத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிக் கொட்டகைக் கம்பங்களுக்கு அடித்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, நல்ல கயிறெல்லாம் போச்சே என்று வருத்தப்பட்டார்.

மார்கழியில் ஒரு காலை, கோட்டை வாசலில் துரை ஒருவர் எதிரே வர, மாமா துரைமார் மாதிரியே தொப்பியைக் கழற்றிக் குனிந்திருக்கிறார். குனிந்த தலையில் கன்றுகளுக்கு இருந்த அதே வட்டங்கள். துரை மூக்கைச் சுளித்து ஏதோ சொல்ல, கோட்டைச் சமையற்காரன் பால் முழுவதையும் அவர் கண்ணெதிரே மண்ணில் கொட்டினானாம். கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை.

சாயங்காலம் மாமா தயங்கித் தயங்கி வந்தார். கன்றுக்குப் பூசுகிற எண்ணெயில் மிச்சம் இருக்குமா என்று கேட்டார்.

"தொப்பிய அடுப்புல போட்டுட்டு வாங்க மாமா. அப்புறம் பூசறேன்."

தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். பிறகு போட்டார். மறுநாள் தலையை வழித்துக்கொண்டு வந்தவரைக் கன்றுகளுக்கு நடுவே வெயிலில் உட்காரவைத்துப் பூசினேன். கந்தக நாற்றம் தாங்காமல் அவர் பெண்டாட்டி அவரை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை.

தை வெயிலில் கன்றுகளுக்கு மயிர் முளைத்தது. மாமாவுக்கும் அங்கங்கே முளைத்தது. கோட்டை மறுபடி பால் வாங்கியது. கொண்டுபோனது என் வீட்டுக்காரர். கோட்டை வைத்தியர் கொடுத்த மருந்தால்தான் குணமாயிற்று என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஊரும் நம்பியது. யார் மாட்டுக்குப் படர்தாமரை வந்தாலும் அந்தக் கோட்டை மருந்து கொஞ்சம் வேண்டுமென்று கிண்ணத்தோடு என்னிடம் வந்தார்கள். நானும் ஊற்றிக் கொடுத்தேன். அவர்களிடம் விளக்கம் சொல்லி வாயை வலிக்கவைத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்து?